ஒரு ஹெச்பிக்கு 14 பவுண்டு: எடையைக் கூட்டுவதா, பவரைக் குறைப்பதா?

பிப்ரவரி 3 – கேள்வி

நாசா எஸ்டி5 வகுப்பில் ஓட்டலாம் என்று பழைய பிஎம்டபிள்யூ 328ஐ, ஈ36 உடல் (1990-களின் 3 சீரிஸ்), வாங்கியிருக்கிறேன். முந்தைய உரிமையாளர் எம்50 இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) போட்டு, டியூன் செய்து வைத்திருக்கிறார். டைனோவில் (பவரை அளக்கும் கருவி) சக்கரத்தில் 206 ஹெச்பி, அதாவது குதிரைத்திறன், வந்தது. நான் உடை, ஹெல்மெட்டோடு உட்கார்ந்தால் கார் 2,770 பவுண்டு. விதி ஒரு ஹெச்பிக்கு 14 பவுண்டு கேட்கிறது. எடை சேர்ப்பதா, பவரைக் குறைப்பதா? கணக்குப்படி இரண்டும் ஒன்றுதானே?

பிப்ரவரி 3, இரவு – பதில்

முதலில் புதிதாகப் படிப்பவர்களுக்கு: இங்கே நாசா என்பது ராக்கெட் விடும் நாசா இல்லை. 1991-இல் தொடங்கிய நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன். அமெரிக்காவில் வார இறுதியில் சொந்தக் காரை ஓட்டி ரேஸ் செய்பவர்களுக்கான பெரிய கிளப்புகளில் ஒன்று. அதன் எஸ்டி (சூப்பர் டூரிங்) வகுப்புகளில் எந்த கம்பெனி கார், எத்தனை சிசி என்பது முக்கியமில்லை. ஓட்டுநரோடு சேர்ந்த எடையைச் சக்கரத்தில் வரும் பவரால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் வகுப்பைத் தீர்மானிக்கிறது. எஸ்டி4-க்கு 12, எஸ்டி5-க்கு 14, எஸ்டி6-க்கு 18.

உங்கள் கணக்கு: 206 ஹெச்பியை 14-ஆல் பெருக்கினால் 2,884 பவுண்டு. ஆக 114 பவுண்டு ஏற்ற வேண்டும். இல்லையென்றால் 2,770-ஐ 14-ஆல் வகுத்து, பவரை 198-க்குக் கொண்டுவர வேண்டும். 8 ஹெச்பி குறைப்பு.

ஆனால் இப்போதே எடை ஏற்ற ஈயம் வாங்கக் கிளம்பாதீர்கள். மூன்று விஷயம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. அந்த 206 உச்ச பவரா, விதிப்புத்தக முறைப்படி எடுத்த சராசரியா? எடை போட்டபோது தொட்டியில் எவ்வளவு பெட்ரோல்? எந்த டயர்? மூன்றாவது எதற்கு என்றால், டயர், ஏரோ (இறக்கை மாதிரியான காற்றியல் பாகங்கள்) போன்றவற்றுக்கு விதியில் கூட்டல் கழித்தல் இருக்கிறது. அதெல்லாம் போட்ட பிறகு வரும் எண்தான் 14-ஐத் தாண்ட வேண்டும். இந்த ஆண்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், பழைய இணைய விவாதங்களில் கிடக்கும் எண்களை நம்ப வேண்டாம்.

பிப்ரவரி 4

"இரண்டும் ஒன்றுதானே" என்பதற்கு வருகிறேன், காலையிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்று இல்லை. மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது மட்டும் ஏறக்குறைய ஒன்று. வேகம் ஏற ஏறக் காற்று குறுக்கே வருகிறது, காற்றுக்கு உங்கள் காரின் எடை தெரியாது. ரேஸுக்குத் தயாரான ஈ36 மணிக்கு 120 மைலில் போகும்போது காற்றைத் தள்ளவே சுமார் 90 ஹெச்பி போய்விடுகிறது, என் கணக்கில். மிச்சம் இருப்பதுதான் காரை முடுக்கும். 198 ஹெச்பி காரில் மிச்சம் 108, அது 2,770 பவுண்டை இழுக்க வேண்டும். 206 ஹெச்பி காரில் மிச்சம் 116, இழுக்க வேண்டியது 2,884. வகுத்துப் பாருங்கள். கனமான காருக்கு அந்த வேகத்தில் முடுக்கம் 3 சதவீதம் கூடுதல். இரண்டுமே காகிதத்தில் 14-தான்.

நீண்ட நேர்ச்சாலையில் கனமான கார் மெல்ல மெல்ல நகர்ந்து போவது இதனால்தான். முன்னால் போகிறவன் ஏமாற்றுகிறான் என்று பிட்டில் சண்டை வருவதும் பல நேரம் இதனால்தான். அவன் ஏமாற்றவே இல்லை, விகிதத்தின் இன்னொரு முனையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் எடை ஏற்றக் கிளம்பிவிடப் போகிறார்கள், அதனால் மறுபக்கமும்.

டயர் மீது பாரம் 4 சதவீதம் கூடினால் பிடிப்பும் 4 சதவீதம் கூடாது, அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். எந்த ரப்பரும் அப்படித்தான். எனவே கனமான கார் ஒவ்வொரு வளைவிலும் சின்னதாக ஒன்றை இழக்கிறது. பிரேக்கில் இன்னும் மோசம்: நிறுத்த வேண்டிய ஆற்றல் எடையோடு நேராகக் கூடும், வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். கனமான கார் நேர்ச்சாலை முடிவுக்கு அதிக வேகத்தில் வேறு வந்து சேர்கிறது. ரோட்டார், பேட், பிரேக் திரவம் எல்லாம் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். முதல் மூன்று சுற்று ஒன்றும் தெரியாது. பதினைந்தாவது சுற்றில் பிரேக் பெடல் ஆழமாக இறங்கும்.

பணமும் இருக்கிறது. கிளப் ரேஸில் யாரும் நமக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. இலேசான, பவர் குறைந்த காருக்கு டயர் அதிக நாள் வரும், இன்ஜின் அதிக நாள் வரும். என் சாய்வு எப்போதுமே இலேசான பக்கம்தான். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் காரை அடுத்த மாதமும் டிராக்குக்குக் கொண்டுவர முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிப்ரவரி 6

எந்த டிராக் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

கலிஃபோர்னியாவில் பட்டன்வில்லோ போன்ற இடத்தில் வளைவு வளைவாக வரும், இலேசான கார் சுகமாக ஓடும். அங்கிருந்து அதிக தூரமில்லாத வில்லோ ஸ்பிரிங்ஸில் கதை வேறு. 2.5 மைல், ஒன்பது வளைவு, அதில் எட்டாவது வளைவை கிட்டத்தட்ட நேர்ச்சாலை மாதிரி முழு திராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து, எடுக்கத் துடிப்பீர்கள். அங்கே பவர் பேசும். விஸ்கான்சினில் ரோடு அமெரிக்கா 4 மைலுக்கு மேல், மூன்று நீண்ட நேர்ச்சாலை. அங்கே கனமான பெரிய இன்ஜின் கார் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால் அதற்குக் காரணம் ஓட்டுநர்தான்.

ஒரே காரை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறவர் நடுவில் எங்காவது நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு டிராக்குக்கும் டியூனையும் பேலஸ்டையும் (விதிக்காகச் சேர்த்துக் கட்டும் எடை) மாற்றி, ஒவ்வொரு முறையும் புது டைனோ தாளோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். விதி தடுக்கவில்லை, பதிவு செய்த தாள் காரோடு பொருந்தினால் போதும். வேலைக்குப் போய்க்கொண்டு அதைச் செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

பிப்ரவரி 7

கேள்வி கேட்ட நண்பர் பதில் போட்டிருக்கிறார். 206 என்பது உச்ச பவர். எடை போட்டபோது அரைத் தொட்டி பெட்ரோல். டயர் விதிக்குள் கூட்டல் கழித்தல் இல்லாத அளவு.

அப்படியானால் பவர் பக்கத்தை முதலில் பார்ப்போம், எடையைப் பிறகு.

ஒரு காலத்தில் இந்த மாதிரி வகுப்புகளில் உச்ச பவரை மட்டும்தான் கணக்கில் எடுத்தார்கள். அதன் விளைவு என்ன? பெரிய வி8 இன்ஜினைப் போட்டு, இன்ஜினுக்குக் காற்று விடும் திராட்டிலைக் கம்ப்யூட்டரால் பாதியில் நிறுத்தி, 200 ஹெச்பி என்றால் 3,500 ஆர்பிஎம்மிலிருந்து 6,500 வரை 200-ஆகவே நிற்கும்படி செய்தார்கள். டைனோ தாளில் கோடு மேசைப் பலகை போலத் தட்டையாக இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன நாலு சிலிண்டர் இன்ஜின், அதற்கும் 200-தான், ஆனால் அந்த 200 ஒரு நொடி, 7,000 ஆர்பிஎம்மில் மட்டும். கியர் மாற்றியதும் 170-க்கு விழும். இரண்டு பேருக்கும் ஒரே எடை என்று சொன்னால் அது நியாயமா? சின்ன இன்ஜின்காரர்கள் ஒவ்வொருவராக விட்டுப் போனார்கள்.

அதனால்தான் சராசரி பவர் வந்தது. உச்சத்தோடு, அதன் அக்கம்பக்க ஆர்பிஎம் புள்ளிகளிலும் பவரை எடுத்து, புத்தகத்தில் சொன்ன முறையில் சராசரி போட வேண்டும். தட்டைக் கோடு போட்டவருக்கு உச்சமும் சராசரியும் ஒன்று. கூர்மையான கோடு உள்ளவருக்குச் சராசரி குறையும், அவர் இலேசாக ஓடலாம். நான் பார்த்த விதி மாற்றங்களிலேயே எனக்கு மனநிறைவு தந்தது இதுதான்.

உங்கள் கார் இரண்டாவது வகை. எம்50 மேனிஃபோல்டின் குழாய்கள் அகலம், மேல் ஆர்பிஎம்மில் மூச்சு நன்றாக விடும், நடுவில் கொஞ்சம் தொய்யும். ஆகவே டைனோ தாளை எடுத்துப் புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். 206 நிச்சயம் குறையும்.

பிப்ரவரி 7, இரவு

டைனோவைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் எல்லாச் சண்டையும் அங்கேதான் பிறக்கிறது.

டைனோஜெட் என்பது கனமான உருளை. உங்கள் சக்கரம் அதை எவ்வளவு சீக்கிரம் சுழற்றுகிறது என்பதிலிருந்து பவரைக் கணக்கிடுகிறது. மின்காந்த பிரேக் போட்டு அளக்கும் வகை டைனோக்கள் பெரும்பாலும் குறைவாகக் காட்டும். எந்த வகை டைனோவின் தாள் செல்லும் என்று விதி சொல்லிவிடும், அதில்தான் ஓட வேண்டும்.

அப்புறம் தட்பவெப்பத் திருத்தம். எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) திருத்தம் 25 டிகிரி செல்சியஸ், 990 மில்லிபார் உலர்ந்த காற்று என்று ஒரு பொது நாளை வைத்துக்கொண்டு எல்லா அளவையும் அதற்கு மாற்றுகிறது. சில கடைகளில் எஸ்டிடி என்ற பழைய திருத்தத்தை அப்படியே விட்டிருப்பார்கள். அது 4 சதவீதம் வரை கூட்டிக் காட்டும். 200 ஹெச்பியில் 8 ஹெச்பி. உங்கள் வகுப்பில் அது 112 பவுண்டு! தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எந்தத் திருத்தம் என்று அச்சாகியிருக்கும், அதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரு கடையில் எனக்கு எஸ்டிடி தாளைக் கொடுத்து, "எல்லோருக்கும் இதுதான் சார் கொடுக்கிறோம்" என்றார்கள். வாதாடித்தான் மறுபடி அச்சடித்து வாங்கினேன். ஓடிய பதிவு கம்ப்யூட்டரில் இருக்கும்வரை திருத்தத்தை மாற்றி அச்சடிப்பது ஒரு நிமிட வேலை.

40 டிகிரி வெயிலில் ஓடினால் எஸ்ஏஇ திருத்தம் சுமார் 3 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் வெயில் நாளில் போய்க் குறைவாகக் காட்டிவிடலாம் என்று நினைப்பவருக்குப் பலன் இல்லை. ஆனால் இன்ஜின் சூடு, டயர் காற்றழுத்தம், காரைக் கட்டும் பட்டையின் இறுக்கம் இதெல்லாம் திருத்தத்தில் வராது. பட்டையை அதிகமாக இறுக்கினால் டயர் உருளையில் அழுந்தி ஹெச்பி குறையும். யோக்கியமாகச் செய்ய வேண்டுமென்றால் ரேஸ் அன்று இருப்பது போலவே கார் இருக்க வேண்டும்: அதே டயர், அதே அழுத்தம், அதே ஆயில் சூடு.

பிப்ரவரி 9

பவரைக் குறைப்பது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

மின்னணு திராட்டில் இருந்தால் சுலபம், இவ்வளவுக்கு மேல் திறக்காதே என்று டியூனில் எழுதிவிடலாம். ஈ36-இல் திராட்டில் கேபிள்தான், அதனால் அது இல்லை.

ரெஸ்ட்ரிக்டர் தட்டு: திராட்டிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் துளை போட்ட ஒரு தகடு. துளை வழியாகக் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு நொடிக்கு இவ்வளவுதான் காற்று. 2017 முதல் உலக ராலி கார்கள் 36 மில்லிமீட்டர் துளையோடு ஓடியதும் இதே தத்துவம். இதில் கவனிக்க வேண்டியது, தகடு மேல் ஆர்பிஎம்மில்தான் கழுத்தைப் பிடிக்கும், நடு ஆர்பிஎம்மை அதிகம் தொடாது. உச்சம் வெட்டுப்படும், கோடு தட்டையாகும். உச்ச பவர் மட்டும் எண்ணும் கிளப்பில் இது வரம். சராசரி எண்ணும் கிளப்பில் பாதி வரம்.

ஆர்பிஎம் வரம்பைக் குறைப்பது: உச்சம் 6,400-இல் வருகிறதென்றால் 6,000-இல் நிறுத்திவிடலாம். இலவசம், இன்ஜினுக்கும் ஆயுள். ஆனால் கியர் விகிதம் குழம்பும், வளைவுக்கு நடுவில் கியர் மாற்ற வேண்டி வரும்.

இக்னிஷனை (தீப்பொறி விழும் நேரத்தை) தாமதப்படுத்துவது: தயவுசெய்து வேண்டாம். பவர் குறையும், சரி. குறைந்த பவர் எங்கே போகும்? எக்ஸாஸ்ட் வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் சூடாகப் போகும். 30 நிமிடம் முழு திராட்டிலில் ஓடும் காரில் அதைச் செய்வது இன்ஜினுக்குச் செய்யும் பாவம்.

இந்த 328ஐ-க்கு என் யோசனை: எம்50 மேனிஃபோல்டைக் கழற்றி, இந்த இன்ஜினோடு வந்த எம்52 மேனிஃபோல்டையே போடுங்கள். குழாய் குறுகல், மேலே பவர் குறையும், நடுவில் டார்க் (இழுக்கும் திறன்) திரும்பி வரும். ஓட்ட இனிமையான கார் ஆகும்.

பிப்ரவரி 10

மேனிஃபோல்டு விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். நண்பர் டைனோ புள்ளிகளை அனுப்பியிருக்கிறார். சராசரி 200 வருகிறது. அப்படியென்றால் தேவை 2,800 பவுண்டு மட்டுமே. நேற்று சொன்னதை இந்த எண்ணைப் பார்த்த பிறகு அப்படியே சொல்ல மாட்டேன். எம்52 மேனிஃபோல்டைப் போட்டால் பவர் 190 பக்கம் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14-க்கு 2,660 பவுண்டு போதும். ஆனால் கார் இப்போதே 2,770. 110 பவுண்டு கூடுதலாகச் சுமந்துகொண்டு ஓடுவீர்கள், அதைக் கழற்ற வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வழி இருந்தால் எம்52, இல்லையென்றால் எம்50. எடைதான் முதல் முடிவு, பவர் அதற்குப் பின்னால் வர வேண்டும்.

பிப்ரவரி 11

கழற்ற வழி இருக்கிறதா என்ற பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. சிலவற்றுக்கு மட்டும் என் கருத்து.

சன்ரூஃப்: இருந்தால் முதல் வேலை அதுதான். இரும்புத் தட்டு, ரெயில், மோட்டார், அதன் கூடு எல்லாம் சேர்ந்து காரின் தலை உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கழற்றும் ஒவ்வொரு பவுண்டும் தரையில் கழற்றும் பவுண்டைவிட மதிப்பு. கழற்றி, தகடு வெட்டி மூடிவிடலாம்.

தரையில் ஒட்டியிருக்கும் தார்: தொழிற்சாலையில் சத்தம் குறைக்க ஒட்டியது. உலர் பனிக்கட்டியை (உறைந்த கரியமில வாயு) உடைத்து அதன் மேல் பரப்பி, கால் மணி நேரம் விட்டு, சுத்தியலால் தட்டினால் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாக உடைந்து வரும். சரியாக உறைந்துவிட்டது என்பதைத் தட்டும் சத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம், மந்தமாக இருந்தது கணீரென்று மாறும். கையுறை கட்டாயம். கதவுகளைத் திறந்து வையுங்கள். மூடிய காருக்குள் அந்தக் கரியமில வாயு ஆளைச் சாய்த்துவிடும். மீதி ஒட்டியிருப்பதைத் தின்னர் போட்டுத் துடைத்தால் கீழே வெள்ளை பெயின்ட் தெரியும், அது ஒரு தனி சந்தோஷம்.

பேட்டரி: எல்லோரும் முதலில் லித்தியம் பேட்டரிக்குத் தாவுகிறார்கள். 25 பவுண்டுக்கு மேல் மிச்சம், உண்மைதான். ஆனால் இந்த காரில் பேட்டரி பின்னால் டிக்கியில் வலது பக்கம் இருக்கிறது. ஓட்டுநர் முன்னால் இடது பக்கம். ஓட்டுநருக்கு எதிர்க் கோணத்தில் பிஎம்டபிள்யூவே வைத்துக் கொடுத்த பேலஸ்ட் அது! பணம் கொடுத்து அதைக் கழற்றிவிட்டு, குறுக்குச் சமன் (எதிரெதிர் மூலைச் சக்கரங்களின் எடைச் சமன்) கெட்டுப்போய், பிறகு அதே மூலையில் ஈயம் கட்டும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே எடை ஏற்ற வேண்டிய காரில் பழைய பேட்டரியை விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 12

பழைய பேட்டரி பற்றி ஒருவர் மறுத்திருக்கிறார்: பின் ஆக்சிலுக்கு அப்பால் எடை இருந்தால் கார் திரும்பத் தயங்கும், திரும்பிவிட்டால் நிற்கத் தயங்கும், எனவே அங்கே கழற்றிக் காரின் நடுவில் போடுவதே மேல் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். வேகமாகத் திசை மாற வேண்டிய இடங்களில் அது தெரியும். என் பதில்: 25 பவுண்டுக்கு அந்த வித்தியாசத்தை உணரக்கூடிய ஓட்டுநருக்கு அவர் சொல்வது பொருந்தும். முதல் ஆண்டு ஓட்டுபவர் அந்தப் பணத்தில் டயர் வாங்கட்டும்.

பிப்ரவரி 15

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: "இங்கே இருங்காட்டுக்கோட்டையில் சிசியை வைத்தே வகுப்பு பிரிக்கிறோம், ஃபார்முலா எல்ஜிபி 1300-இல் எல்லோருக்கும் ஒரே இன்ஜின். அது எளிதாக இல்லையா?"

எளிது. ஒரே கார், ஒரே இன்ஜின் என்றால் அதைவிட நியாயமான ரேஸ் கிடையாது. எல்ஜிபி 1300 ஓட்டங்களில் பத்து கார் ஒரே கொத்தாக வளைவுக்குள் போவதைப் பார்த்தவருக்கு அது தெரியும். ஆனால் அதற்கு எல்லோரும் ஒரே காரை வாங்க வேண்டும். பவர்-எடை விகித விதியின் அழகு, வீட்டு வாசலில் நிற்கும் காரைக் கொண்டு வரலாம் என்பது. சின்ன மியாட்டாவும் பெரிய மஸ்டாங்கும் ஒரே வரிசையில் நிற்கும். பிரிட்டனில் 750 மோட்டார் கிளப்பின் சில தொடர்களும் இப்படித்தான், ஒரு டன்னுக்கு இத்தனை ஹெச்பி என்று எழுதுவார்கள். நம் 14 அந்தக் கணக்கில் டன்னுக்கு சுமார் 157 ஹெச்பி. அமெரிக்காவின் இன்னொரு தொடரான கிரிட்லைஃப் டூரிங் கப் ஒரு ஹெச்பிக்கு 12.5 பவுண்டை அடிப்படையாக வைத்தது.

சிசி விதியில் பணம் இன்ஜினுக்குள் போகிறது: கேம், பிஸ்டன், போர்ட் வேலை. விகித விதியில் இன்ஜினில் பணம் போட்டால் அதற்கு உடனே எடைத் தண்டனை. அதனால் பணம் சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் ஓட்டுநர் பயிற்சிக்கும் போகிறது. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருப்பதற்குப் பெரிய காரணம் அதுதான். ஜங்க்யார்டிலிருந்து வந்த சாதாரண இன்ஜினோடு ஒருவர் கோப்பை வாங்க முடிகிறது.

பிப்ரவரி 16

கொலராடோ நண்பரின் கேள்வி தனி ரகம், அதனால் தனியாக.

ஹை பிளெய்ன்ஸ் ரேஸ்வே கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரம். அங்கே காற்று மெல்லியது, சாதாரண இன்ஜின் ஆறில் ஒரு பங்கு பவரை இழக்கும். எஸ்ஏஇ திருத்தம் அதைக் காகிதத்தில் திருப்பிக் கொடுக்கிறது, கடல் மட்டத்தில் இவ்வளவு என்று. வகுப்புக்கு அந்த எண். டிராக்கில் எல்லோரும் ஒரே அளவு இழந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் டர்போ கார் மெல்லிய காற்றையும் அழுத்தி நிரப்பிக்கொள்ளும், அது அவ்வளவு இழக்காது. இழக்காத காருக்கும் திருத்தம் அதே அளவு கூட்டிப் போடும், தாளில் பவர் அதிகமாகத் தெரியும், எடை அதிகமாகச் சுமக்க வேண்டும். அந்தத் திருத்தமே டர்போ இல்லாத இன்ஜினை மனதில் வைத்து எழுதியது. எனவே மலை ஊரில் டர்போ ஓட்டுகிறவர் தங்கள் வட்டார இயக்குநரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 19

நண்பரின் கார் முடிவாகிவிட்டது. சன்ரூஃப் ஏற்கெனவே இல்லை, தார் ஏற்கெனவே எடுத்தாயிற்று, பெரிதாகக் கழற்ற எதுவும் இல்லை. ஆக எம்50 மேனிஃபோல்டு, சராசரி 200 ஹெச்பி, இலக்கு 2,800 பவுண்டு.

இப்போது பெட்ரோல். 2,770 என்பது அரைத் தொட்டியோடு. எடையைப் பார்ப்பது ரேஸ் முடிந்த பிறகு, ஓட்டுநரோடு, அப்படியே தராசில் ஏற்றி. நாம் ஓடும் நீளத்துக்கு இந்த கார் 19 லிட்டர் குடிக்கும். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆக 14 கிலோ, 31 பவுண்டு. முடிவில் கார் 2,739. தேவை 2,800. குறைவது 61. தராசுக்குத் தராசு வித்தியாசம், தரை மட்டம், உங்கள் வியர்வை எல்லாவற்றுக்கும் 10 பவுண்டு விட்டுவைத்தால் சுமார் 70 பவுண்டு கட்ட வேண்டும்.

அதற்குப் பதிலாகத் தொட்டியை முழுக்க நிரப்பிக்கொண்டு போனால் என்ன என்கிறார் ஒருவர். போகலாம். ஆனால் அந்த எடை பின்னால் இருக்கிறது, சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. கார் ஆரம்பத்தில் ஒரு மாதிரியும் கடைசியில் வேறு மாதிரியும் திரும்பும். நிலையான எடை நிலையான இடத்தில் இருக்கட்டும். அதே நேரம் பெட்ரோலை அடிமட்டம் வரை காய விடவும் வேண்டாம். ஈ36 தொட்டியில் பெட்ரோல் ரொம்பக் குறைந்தால் நீண்ட வளைவில் பம்ப் காற்றை இழுத்து இன்ஜின் இருமும்.

பிப்ரவரி 20

பேலஸ்ட் கட்டுவது பற்றி விளையாட்டில்லாமல் எழுத வேண்டும்.

70 பவுண்டு என்பது 32 கிலோ. சுவரில் மோதும்போது நொடியில் ஒரு துளிக்கு 20 ஜி வந்தால் அது 640 கிலோ எடையாக மாறி உங்கள் காலை நோக்கி வரும். டேப், ஜிப் டை, ஒட்டுப்பசை, இரண்டு சின்ன ஸ்க்ரூ எதுவும் அதைப் பிடிக்காது. ஜிம் தட்டை நடுத் துளையில் ஒரே போல்ட் போட்டுக் கட்டியிருப்பதைப் பல பேடக்குகளில் (டிராக்கில் கார்கள் நிற்கும் திடல்) பார்க்கிறேன். வார்ப்பிரும்பு அடிபட்டால் விரிசல் விட்டு உடையும். அதோடு ஒரே போல்ட் என்றால் அதுவே அச்சாகிச் சுழலும்.

எஃகுத் தகடு வெட்டி வாங்குங்கள், 35 பவுண்டாக இரண்டு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு அரை அங்குல போல்ட், தரையைத் துளைத்துக் கீழே வரை. கீழே பெரிய தகடு வாஷர், ஏனென்றால் கார் தரை மெல்லிய தகரம், சின்ன வாஷர் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தானாகக் கழலாத லாக் நட். இடம்: பயணி இருக்கை இருந்த தரை, பழைய இருக்கை போல்ட் புள்ளிகளுக்கு அருகில். அங்கே குறுக்குச் சட்டம் ஓடுகிறது, காரிலேயே உறுதியான இடங்களில் ஒன்று, தாழ்ந்த இடம், ஓட்டுநருக்கு நேர் எதிர்ப்பக்கம். நாலு சக்கரத் தராசில் ஏற்றினால் குறுக்குச் சமன் 50-ஐ நெருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். போல்ட் அளவு, ஒரு துண்டின் அதிகபட்ச எடை இவற்றுக்குப் புத்தகத்தில் பத்தி இருக்கிறது. வெட்டுவதற்கு முன் படியுங்கள், வெட்டிய பிறகு வேண்டாம்.

பிப்ரவரி 22

"டியூனில் இரண்டு மேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் அமைப்பு) வைத்து, டைனோவுக்கு ஒன்று, ரேஸுக்கு ஒன்று என்று செய்தால் யாருக்குத் தெரியும்?" என்று பெயர் தெரியாத ஒருவர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

தெரியும். ரேஸ் முடிந்ததும் பேடக்கில் நிற்கும் டைனோவுக்கு நேராக ஓட்டச் சொல்வார்கள். ஜிபிஎஸ் பெட்டியைக் காரில் வைத்தால் வேகம் ஏறும் விதத்திலிருந்தே பவரைக் கணக்கிட்டுவிடலாம், மேலே நான் காற்றுக்குப் போட்ட அதே கணக்கு. அதைவிட, உங்களோடு அருகருகே வளைவை விட்டு வெளியேறுகிறவருக்கு இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிடும். இந்த வகுப்பு நம்பிக்கையில் நிற்கிறது. ஒருவர் 10 ஹெச்பி ஒளித்தால் மற்றவர்கள் புகார் போட மாட்டார்கள், அடுத்த ஆண்டு வேறு வகுப்புக்குப் போய்விடுவார்கள். வரிசையில் நாலு கார் நிற்கும். அந்த ரேஸில் ஜெயித்து யாருக்கு என்ன?

பிப்ரவரி 24

நண்பர் தராசுச் சீட்டைப் போட்டிருக்கிறார்: அரைத் தொட்டி, ஓட்டுநர், இரண்டு தகடு, போல்ட் எல்லாம் சேர்த்து 2,843. போல்ட்டும் வாஷரும் 3 பவுண்டு வந்துவிட்டன. 19 லிட்டர் போனால் 2,812. விகிதம் 14.06. அப்படியே விடுங்கள், அந்த 12 பவுண்டுக்குக் கை வைக்க வேண்டாம். ஒரு ஹெச்பிகூட இல்லை.

டைனோ தாளின் நகலையும் வகுப்புப் படிவத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, லாக்புக்கோடு (காரின் பரிசோதனைப் பதிவேடு) காரிலேயே வையுங்கள். பரிசோதனை கொட்டகையில் போனைத் துழாவிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அப்புறம் முதல் நாள் காலையிலேயே, அந்த டிராக்கின் தராசில் ஒரு முறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். தீர்ப்பு சொல்லப் போவது அந்தத் தராசு, உங்கள் கராஜில் இருப்பது இல்லை. பெரும்பாலான இடங்களில் வெள்ளிக்கிழமையே திறந்து வைத்திருப்பார்கள், அப்போது வரிசையும் இருக்காது.